ஹெட்டைக் கழற்றும் முன் ஆயில் கூலரைப் பாருங்கள்

டீசல் டிசையர் வைத்திருக்கிறேன், 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்க் மூடியைத் திறந்தால் காபி நிறத்தில் குழம்பு மாதிரி மிதக்கிறது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். சரிதானா? (திண்டுக்கல் வாசகர்)

சரியாக இருக்கலாம். ஆனால் அவசரப்படாதீர்கள். உங்கள் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜினில் ஆயில் ஃபில்டர் உட்காரும் கூட்டோடு சேர்த்தே, இன்ஜின் ஆயிலைக் கூலன்ட்டால் ஆற்றும் ஆயில் கூலர் இருக்கிறது. அதற்குள் அலுமினியத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு அடுக்கில் ஆயில், அடுத்த அடுக்கில் கூலன்ட். தகட்டில் ஊசித்துளை விழுந்தாலோ, கூலரின் பேக்கிங் (ரப்பர் சீல்) இறுகிப்போனாலோ, இரண்டும் கலந்துவிடும்.

வண்டி ஓடும்போது ஆயில் பிரஷர் 3, 4 பார் வரை இருக்கும். கூலன்ட் பக்கம் 1 பாருக்குச் சற்று மேலே. அதனால் ஆயில்தான் கூலன்ட்டுக்குள் போகும். டேங்கில் குழம்பு இருந்தும் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) சுத்தமாக இருப்பது இதனால்தான். வண்டியை நிறுத்திய பிறகு கதை தலைகீழ். ஆயில் பிரஷர் உடனே இறங்கிவிடும், சூடான கூலன்ட்டில் மட்டும் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். துளை பெரிதானால் அப்போது கூலன்ட் ஆயிலுக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கிலும் பால் நிறம் தெரிந்தால் அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் பெரும்பாலும் வேறு அடையாளங்களும் கூடவே வரும்: டேங்கில் விடாமல் குமிழி, காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே கல்லாக இறுகும் ரேடியேட்டர் ஹோஸ், வெள்ளைப் புகை, தடுமாறும் ஐடிலிங். டேங்க் வாயில் வைத்துப் பார்க்கும் புகை டெஸ்டர் இருக்கிறது. எரிந்த வாயு பட்டால் அதிலுள்ள நீலத் திரவம் நிறம் மாறும். இவை எதுவும் இல்லையென்றால் முதலில் கூலரைக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு பக்கத் துவாரங்களை அடைத்து, கம்ப்ரஸர் காற்றை 40, 45 பி.எஸ்.ஐ. (சுமார் 3 பார்) அளவுக்கு விட்டு, வெந்நீர் வாளியில் முக்கிப் பார்க்க வேண்டும். குளிர்ந்த நீரில் மூடிக்கொண்டிருக்கும் விரிசல் வெந்நீரில்தான் வாய் திறக்கும்.

என்னிடம் வந்த ஒரு டாக்ஸியில், வேறொரு இடத்தில் ஹெட்டைக் கழற்றி, முகம் சீவி, புது கேஸ்கெட்டும் போட்டிருந்தார்கள். பத்தாவது நாள் டேங்கில் மறுபடி அதே குழம்பு. கூலரை வெந்நீரில் முக்கினேன். மூலையிலிருந்து கடுகளவுக் குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. ஓட்டுநர் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருடைய இரண்டு வார வருமானம் போயிருந்தது. அன்றிலிருந்து வாளி டெஸ்ட் பார்க்காமல் நான் ஹெட்டில் ஸ்பேனர் வைப்பதில்லை.

கூலன்ட் சுத்தமாக இருக்கிறது. ஆனால் கூலர் பக்கம் வெளியே எண்ணெய் வடிகிறது. எங்கிருந்து என்று தெரியவில்லை. (ஈரோடு)

எண்ணெய் கீழே இறங்கும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் ஈரமாக இருக்கும் இடத்தை நம்பாதீர்கள். இன்ஜின் ஆறிய பிறகு பிரேக் கிளீனரால் நன்றாகக் கழுவி, உலரவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை மெலிதாகத் தூவுங்கள். பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டால் கசியும் இடத்தில் பவுடரில் கறுப்புக் கோடு விழும். பெரும்பாலும் பேக்கிங்தான் குற்றவாளி. கழற்றிப் பார்த்தால் உருண்டையாக இருக்க வேண்டிய ரப்பர் தட்டையாகி, வளைத்தால் உடையும் அளவுக்கு இறுகியிருக்கும்.

புதியதை ஆயில் தொட்டு வையுங்கள். அதன்மேல் சிலிக்கான் பேஸ்ட் தடவவே கூடாது. பிதுங்கி உள்ளே விழும் துணுக்கு ஆயில் பாதையை அடைக்கும். போல்ட்டுகளை மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். அலுமினிய மரை ஒருமுறை போனால் வேலை இரட்டிப்பாகும்.

கூலரை ஆர்கான் வெல்டிங் செய்யலாமா? (கோவை)

வண்டியின் முன்பக்கம் இருந்து காற்றில் ஆறும் வகை என்றால், ஓரத்து டேங்கிலோ குழாய் மூட்டிலோ உள்ள விரிசலை நல்ல வெல்டர் அடைத்துவிடுவார். தகடு அடுக்கிய வகையில் உள்துளைக்கு வெல்டிங் குச்சி எட்டவே எட்டாது. மாற்றத்தான் வேண்டும். ரேடியேட்டரில் ஊற்றும் லீக் அடைப்பான் வேண்டவே வேண்டாம்; துளையை விட்டுவிட்டு ஹீட்டர் குழாயை அடைக்கும்.

கூலர் மாற்றி ஒரு வாரம் ஆகிறது. டேங்கில் இன்னும் எண்ணெய் தெரிகிறது. புதிய கூலரும் பழுதா? (திருநெல்வேலி)

பயப்படாதீர்கள். பழைய எண்ணெய் ரேடியேட்டரிலும் ஹீட்டரிலும் பிளாக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். நுரை வராத, பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான பவுடரை வெந்நீரில் நன்றாகக் கரைத்து ஊற்றி, தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கும்வரை ஓட்டி, ஆறியபின் வடித்துவிடுங்கள். மூன்று நான்கு முறை செய்தால்தான் தெளியும். கடைசியில் வெறும் தண்ணீரில் அலசி, அதன்பிறகு கூலன்ட். ஹோஸ்களைக் கையால் அழுத்திப் பாருங்கள். எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பி, கொழகொழவென்று இருக்கும். அவற்றையும் ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள். ஆயிலில் கூலன்ட் கலந்திருந்தால் ஆயிலும் ஃபில்டரும் இரண்டு முறை: இப்போது ஒன்று, 500 கி.மீ. ஓடியபின் இன்னொன்று.

ஆட்டோமேட்டிக் வண்டி. டேங்கில் ரோஸ்மில்க் நிறம். (சென்னை)

அது இன்ஜின் ஆயிலாக இருக்காது, கியர்பாக்ஸ் ஆயில். பல வண்டிகளில் அதன் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். ஸ்டார்ட் செய்யாமல், கட்டி இழுக்காமல், வண்டியை ஃப்ளாட்பெட்டில் (தட்டையான மேடை உள்ள லாரியில்) ஏற்றிக் கொண்டுபோங்கள். கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் போனால் கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பூச்சு உரிந்துவிடும்.

ஆயில் கூலருக்குள் போகாதபடி கூலரை பைபாஸ் செய்துவிடலாமா? (சேலம்)

கூடாது. டர்போ டீசலில் ஆயில் அதிகச் சூட்டில் நீர்த்துப்போனால் முதலில் டர்போ பேரிங் போகும்.

புதிய கூலர் எத்தனை நாள் தாங்கும்? ரேடியேட்டருக்கு எங்கள் வீட்டு போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். (ராமநாதபுரம்)

உங்கள் பழைய கூலர் போனதற்கு அந்தத் தண்ணீரே காரணமாக இருக்கலாம். போர் தண்ணீரின் உப்பு அலுமினியத்தை அரிக்கும், சுண்ணாம்பு தகடுகளுக்கு நடுவே படிந்து அடைக்கும். உங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிறதே வெள்ளையாக, அதேதான் உள்ளேயும் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு கூலன்ட்டைச் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். வழியில் வேறு வழியின்றிக் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் ஊர் சேர்ந்ததும் முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.