பெரிய ஹெலிகாப்டர் வாங்கினால் காற்றுக்கு நிற்குமா?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "ஒரு வருடமாக முற்றத்தில் இரட்டை ராட்டர் (சுழலும் இறக்கைத் தொகுதி) பொம்மை ஹெலிகாப்டரை ரிமோட்டில் ஓட்டுகிறேன். வெளியே கொண்டுபோனால் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால் 700 என்ற பெரிய அளவில் ஒன்று வாங்க நினைக்கிறேன். இணையத்தில் பழக்கமான ஒருவர் பழையதை 90,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள்.

உங்கள் பொம்மை காற்றில் அடித்துப் போவதற்கு அதன் அளவு மட்டும் காரணமில்லை. அதன் இறக்கைகள் எப்போதும் ஒரே சாய்வில்தான் இருக்கும். மேலே எழும்ப மோட்டார் வேகம் கூட வேண்டும். அது கூடுவதற்குள் காற்று தன் வேலையை முடித்துவிடும். நிஜ ரிமோட் ஹெலியில் ராட்டர் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுற்றும், இறக்கையின் சாய்வுதான் சட்டென்று மாறும். முப்பந்தல் பக்கம் போனால் புதிய காற்றாலைகளைக் கவனியுங்கள், காற்றுக்கேற்ப இறக்கையைத் திருப்பிக்கொள்ளும். ஏறக்குறைய அதே வித்தைதான் இதுவும். பெயர் கலெக்டிவ் பிட்ச். உங்களுக்கு வேண்டியது இது. இறக்கை ஒன்று சுமார் 325 மில்லிமீட்டர் வரும் 450 அளவிலேயே இது கிடைக்கும். பொம்மை பயந்த காற்றில் அது நிற்கும்.

பெரிதாக ஆக நிதானம் கூடும் என்பது சரிதான். ஆனால் 700இல் இறக்கை ஒன்றே 70 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் அதன் நுனி மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். 2013இல் நியூயார்க்கின் புரூக்ளினில் 19 வயது இளைஞர் ஒருவர் தன்னுடைய ஹெலியின் இறக்கை பட்டே இறந்துபோனார். அவர் ஹெலி ஓட்டி நன்றாகப் பழகியவர். நீங்கள் இன்னும் முற்றத்தைத் தாண்டவில்லை.

இனி அந்த 'பழக்கமானவர்' விஷயம். இந்த மாதிரி ஆட்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. விழுந்து நொறுங்கிய ஹெலிக்குப் புது மேல்கூடு மாட்டினால் புகைப்படத்தில் புத்தம் புதிதாகத் தெரியும். உள்ளே மெயின் ஷாஃப்ட் (ராட்டரைச் சுற்றும் தண்டு) வளைந்திருக்கும், கியரில் இரண்டு பல் போயிருக்கும், லிப்போ பேட்டரி உப்பியிருக்கும். 'ஒரு தடவைதான் பறந்தது' என்பார்கள். அந்த ஒரு தடவை எப்படி முடிந்தது என்று கேளுங்கள். சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்று தனியாக ஒரு தொகையும் கறப்பார்கள். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 25 கிலோவுக்கு மேற்படாமல், பொழுதுபோக்குக்காக, கண்பார்வைக்குள் பறக்கும் மாதிரி விமானத்துக்கு ரகச் சான்றிதழே தேவையில்லை. பதிவு வேறு சங்கதி. அதை அரசு இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம், தரகர் எதற்கு?

பழையது வாங்கவே கூடாதா என்றால், ஒரே ஒரு நிலையில் வாங்கலாம். விற்பவர் உங்கள் கண்முன் பேட்டரியை மாட்டி, அவரே ஐந்து நிமிடம் பறக்கவிட்டு, இறக்கிக் காட்ட வேண்டும். வீடியோ அனுப்பினால் போதாது. நண்பர் ஓட்டிக் காட்டுவார் என்றாலும் போதாது. இறங்கியதும் மேல்கூட்டைக் கழற்றச் சொல்லுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு ராட்டரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், எங்கும் தட்டக் கூடாது. ரிமோட்டில் எந்தக் குச்சி த்ராட்டில் (ஏற்றி இறக்குவது) என்றும் பாருங்கள். உங்களுக்கு இடது கை பழகியிருந்து அதில் வலப்பக்கம் இருந்தால் முதல் நாளே தென்னையில்தான் போய் நிற்பீர்கள். இதற்கெல்லாம் சம்மதிப்பவர் முன்பணம் கேட்டு அவசரப்படுத்த மாட்டார்.

உதிரி பாகம் அடுத்த தலைவலி. 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை, பாகங்களுக்குத் தடையில்லை. காகிதத்தில் இவ்வளவு எளிது. 'ஹெலிகாப்டர்' என்ற சொல்லைப் பார்த்ததும் சுங்கத்தில் பெட்டி நின்றுவிடும். இறக்கையின் சாய்வை மாற்றும் சின்ன மோட்டார், தீப்பெட்டி அளவு சர்வோ, நான்கு வரவழைத்தேன். இதில் எத்தனை பேர் உட்காரலாம் என்று ஓர் அலுவலகத்தில் என்னைக் கேட்டார்கள். சிரிக்கவும் முடியவில்லை. எனவே மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன், அதன் இறக்கை, ஷாஃப்ட், கியர் மூன்றும் இந்தியக் கடையில் இருப்பில் உள்ளதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது எவ்வளவு நல்ல ஹெலியானாலும் அலமாரி பொம்மைதான்.

பறக்க இடம்? நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடும் தென்னையும் மின்கம்பியும் இல்லாத நிலம் அபூர்வம். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து, அடுத்த பருவமான கன்னிப்பூவுக்கு உழுவதற்கு முன் ஏலா (வயல்வெளி) காய்ந்து கிடக்கும் நாட்கள்தான் நமக்கு மைதானம். உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, காலை எட்டு மணிக்குள், கடல்காற்று ஏறுமுன் முடித்துக்கொள்ளுங்கள். ஆனி ஆடியில் காற்று பலமாக அடிக்கும் ஆரல்வாய்மொழி பக்கம் எடுத்துப் போகவே வேண்டாம். கடற்கரையும் வேண்டாம், உப்பு பேரிங்கைத் தின்றுவிடும்.

இந்த ஞாயிறு முன்பணத்துக்குப் பதில் கணினியில் ஓட்டும் சிமுலேட்டரும் அதற்கான ரிமோட்டும் வாங்குங்கள். ஹெலியின் மூக்கு உங்களைப் பார்த்தபடி இருக்கும்போது ஒரு நிமிடம் அசையாமல் நிறுத்தத் தெரிந்ததும், எந்தெந்த 450 இருப்பில் உள்ளது என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.