ஹைலேண்ட்ஸ் கேள்வி பதில்: நாகப்பட்டினத்து வாசல் முதல் மிட்ஜ் வரை

இன்வர்னெஸ் நகரைச் சுற்றிப் பயணிகளை அழைத்துச் சென்று பிழைப்பவன் நான். ஸ்காட்லாந்துக்கு வர நினைக்கும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். வடக்கே உள்ள மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸ் என் களம். எடின்பரோவில் எந்த ஓட்டல் மலிவு என்று என்னிடம் கேட்பது வீண்.

ஐயா, எந்த மாதத்தில் வரலாம்? (சேலம்)

மே. பகல் நீளம், மிட்ஜ் இன்னும் முழு வீச்சில் கிளம்பியிருக்காது. மிட்ஜ் என்பது கொசுவைவிட மிகச் சிறிய கடிபூச்சி. தனியாக வராது, திரளாக வரும். விடியலிலும் அந்தியிலும், காற்று நின்ற நேரத்தில், ஈரமான இடங்களில் மொய்க்கும். காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் பறக்க முடியாது. கோடையில் மேற்குக் கரையில் கூடாரம் போட ஆசைப்படுகிறவர்கள் தலைக்கு வலை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா? (கும்பகோணம்)

வேண்டாம். ஹாகிஸ் என்பது ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலை ஓட்ஸ், வெங்காயம், கொழுப்போடு சேர்த்து இரைப்பையில் அடைத்து வேகவைப்பது. அதையே பயறு, பருப்பு, ஓட்ஸ் வைத்துச் செய்த சைவ ஹாகிஸ் பெரிய கடைகளில் கிடைக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. சூப்பில்தான் எச்சரிக்கை வேண்டும். மேலே காய்கறி மட்டும் மிதந்தாலும் அடியில் ஆட்டெலும்புச் சாறு இருக்கலாம். கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனிக் கட்டம் போட்ட கில்ட், ஆயிரம் ஆண்டு வழக்கமாமே? (சென்னை)

கில்ட் என்பது ஆண்கள் இடுப்பில் உடுத்தும் பாவாடை போன்ற உடை. கட்டம் போட்ட கம்பளித் துணி பழையது. குலத்துக்கு ஒரு கட்டம் என்பது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் வேலை. 1746இல் கலோடன் போரில் ஜாகோபைட்டுகள் (பழைய ஸ்டூவர்ட் அரச குடும்பத்துக்காகக் கிளர்ந்தவர்கள்) தோற்ற பிறகு, ஹைலேண்ட் ஆண்கள் அந்த உடையை அணியக் கூடாது என்று சட்டம் வந்தது. படைவீரர்களுக்கு மட்டும் விலக்கு. 1782இல் சட்டத்தை நீக்கினார்கள். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னின்று ஊரையே கட்டத் துணியில் நிறுத்தினார். தடை செய்த அரச குடும்பத்தின் வாரிசே கில்ட் அணிந்து நின்றார். அதன் பிறகு நெசவுக்காரர்களுக்கு நல்ல காலம். இப்போது 2009 முதல் அரசுப் பதிவேடே இருக்கிறது. புதிய கட்டத்தை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். நீங்கள் பிடித்ததை வாங்கி உடுத்துங்கள், யாரும் கோத்திரம் கேட்கமாட்டார்கள்.

லாக் நெஸ் ஏரியில் இருப்பதாகச் சொல்கிறார்களே, அந்த விலங்கைப் பார்க்க முடியுமா? (ஈரோடு)

முடியாது. கரையில் உள்ள ஊர்கார்ட் கோட்டையைப் பாருங்கள்.

எனக்கு நாகப்பட்டினம். எங்கள் ஊர்க் கோட்டை வாசலின் உருவம் ஸ்காட்லாந்து மலை ஒன்றின் உச்சியில் இருப்பதாகப் படித்தேன். உண்மையா, ஐயா?

உண்மை. இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன்.

இன்வர்னெஸுக்கு வடக்கே ஆல்னஸ் என்ற சிற்றூர். அதற்கு மேலே ஃபைரிஷ் குன்று, உயரம் 453 மீட்டர். உச்சியில் வரிசையாகக் கல் தூண்கள். நடுவில் உள்ளவற்றை வளைவுகள் இணைக்கின்றன, இரு பக்கமும் தூண்கள் தனியாக நிற்கின்றன. நிலச் சொந்தக்காரர் சர் ஹெக்டர் மன்றோ, 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி. வெற்றியின் நினைவாக அந்த ஊர் வாசலைத் தன் மலைமேல் எழுப்பினார். ஒப்பிட்டுப் பார்க்க நாகையில் அந்த வாசல் இப்போது இல்லை.

தோல்வியைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். அதற்கு முந்தைய ஆண்டு, 1780 செப்டம்பரில், இதே மன்றோ படையோடு காஞ்சிபுரத்தில் இருந்தார். சில மைல் தொலைவில் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கினார்கள். அதில் ஹைலேண்ட் படைவீரர்களும் சிக்கினார்கள். மன்றோ நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் பின்வாங்கினார். காஞ்சிபுரத்துக்கு அவர் எந்த மலையிலும் சின்னம் எழுப்பவில்லை.

கட்டிய விதத்தைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. வேலை நாள் நீளட்டும் என்பதற்காக, மேலே ஏற்றிய கற்களை மன்றோவே கீழே உருட்டிவிட்டு மறுபடி ஏற்றச் சொல்லிக் கூலி கொடுத்தாராம். கதைதான், ஆனால் ஊரார் இன்னும் சொல்கிறார்கள்.

எந்த மாதம் நல்லது? (திருப்பூர்)

சேலத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

சார், நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏழைகளுக்குக் கூலி கிடைக்கத்தானே மன்றோ அதைக் கட்டினார்? நல்லது செய்தவரைக் குத்திக்காட்டுவது நியாயமா? (மதுரை)

ஆண்டுகளை வரிசையாக வையுங்கள். சின்னம் எழுந்தது 1782 வாக்கில். அந்த ஆண்டு ஹைலேண்ட்ஸில் விளைச்சல் பொய்த்தது, அடுத்த ஆண்டு பஞ்சம். எனவே பஞ்ச காலக் கூலி என்றால் நம்புவேன். செம்மறி வளர்ப்புக்காக நிலச் சொந்தக்காரர்கள் குடியானவர்களை வெளியேற்றியது பெரிதானது அதற்குப் பிறகு. மன்றோ தம் பண்ணையின் ஒரு பகுதியை வெளியூர்ச் செம்மறி வளர்ப்பாளர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். மக்களின் மாடுகளுக்கு மேய்ச்சல் நிலம் போயிற்று. 1792இல் சுற்றுவட்டார மக்கள் ஆயிரக்கணக்கான செம்மறிகளைத் திரட்டித் தெற்கே ஓட்டினார்கள். படை வந்து அடக்கியது. கேலிக் மொழியில் அந்த ஆண்டுக்குச் செம்மறிகளின் ஆண்டு என்றே பெயர். கூலி கொடுத்தவரும் குத்தகைக்கு விட்டவரும் ஒரே ஆள்.

வெளியேற்றியவர்கள் ஆங்கிலேயர்கள். பழியை ஏன் ஸ்காட்லாந்துக்காரர்கள் மேல் போடுகிறீர்கள்? (கொழும்பு)

வடக்கே சதர்லாந்து மாவட்ட நிலத்தில் பெரும்பகுதி எலிசபெத் என்ற சீமாட்டிக்குப் பரம்பரைச் சொத்து. ஸ்காட்லாந்துக் குலத் தலைவி. கணவர் ஆங்கிலேயர், பணம் அவருடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1814இல் ஸ்ட்ராத்னேவர் பள்ளத்தாக்கில் வீடுகளைக் கொளுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பாட்ரிக் செல்லர், மோரே பகுதிக்காரர். 1816இல் இன்வர்னெஸில் விசாரணை நடந்து விடுதலையானார். குலத் தலைவர் தங்களைக் காப்பார் என்று நம்பியவர்களுக்குத்தான் அடி விழுந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் ரோசல் என்ற கிராமத்தின் சுவர்த் தடங்கள் இன்னும் புல்லுக்குள் தெரிகின்றன.

மதுரைக்காரர் மறுபடியும்: அந்த மண்ணில் அத்தனை பேர் எப்படியும் பிழைத்திருக்க முடியாது. செம்மறி லாபம் தந்தது. இது பொருளாதாரம், கொடுமை அல்ல.

பாதி சரி. மண் மெலிந்தது, 1846இல் உருளைக்கிழங்கு நோய் வந்தபோது மக்கள் தவித்தார்கள். ஆனால் அந்த மெலிந்த துண்டு நிலங்களைக் கடற்கரையில் அளந்து கொடுத்தது யார்? விவசாயத்தால் மட்டும் பிழைக்க முடியாதபடி வேண்டுமென்றே சிறிதாக வைத்தார்கள், மீன்பிடிக்கும், கடற்பாசியை எரித்துச் சாம்பல் எடுக்கும் வேலைக்கும் ஆள் வேண்டும் என்பதற்காக.

ஆர்ட்கே ஊரிலிருந்து உள்ளே போனால் குரோயிக் தேவாலயம். 1845 மே மாதம் கிளென்கால்வியிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள், குழந்தைகளோடு, அதன் கல்லறைத் தோட்டத்தில் துணி கட்டித் தங்கின. உள்ளே போகவில்லை. கிழக்குச் சன்னலின் சிறு கண்ணாடிச் சில்லுகளில் வெளியே நின்றபடி கீறி எழுதினார்கள். கிட்டப் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தால் எழுத்து தெரியும். தங்களை ‘பொல்லாத தலைமுறை’ என்று எழுதியிருக்கிறார்கள். ஏதோ பாவத்துக்குத் தண்டனை என்று நம்பினார்கள் போலும். பொருளாதாரம் என்ற சொல்லை அங்கே நின்று சொல்லிப் பாருங்கள்.

போகும் பாதை ஒற்றைத் தடம். ஆங்காங்கே ஒதுங்கும் இடம் வைத்திருப்பார்கள். எதிரே வண்டி வந்தாலும், பின்னால் அவசரக்காரர் வந்தாலும் அங்கே வழி விடுங்கள். படம் எடுக்க அதில் வண்டியை நிறுத்தாதீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

டிசம்பரில் வந்தால் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் பார்க்கலாமா? (கோவை)

பார்க்கலாம், ஆனால் இங்கே பெரிய நாள் டிசம்பர் 31, ஹோக்மனே. சீர்திருத்தச் சபை கிறிஸ்துமஸை ஒதுக்கியே வைத்திருந்தது; 1958இல்தான் அது விடுமுறையானது. நள்ளிரவுக்குப் பின் வாசலில் முதலில் கால் வைப்பவர் கறுத்த முடியுள்ள ஆணாக, கையில் நிலக்கரித் துண்டோ விஸ்கியோ கொண்டு வந்தால் வீட்டுக்கு நல்லதாம். நம்மவர்களுக்கு அன்று கிராக்கி. ஜனவரி 2ஆம் தேதியும் விடுமுறை, சாமான் முன்பே வாங்கிவையுங்கள்.

எந்த விஸ்கி சிறந்தது? (புதுச்சேரி)

என் துறை இல்லை. ஓக் பீப்பாயில் மூன்றாண்டு இருந்தால்தான் அதற்கு ஸ்காட்ச் என்று பெயர். மிச்சத்தை வடிசாலைக்காரர்கள் சொல்வார்கள். ருசி பார்த்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். 2014 முதல் ஓட்டுநருக்கான மது அளவு வரம்பு இங்கே இங்கிலாந்தைவிடக் கடுமை.

பிள்ளைகள் கேட்கிறார்கள், அந்த ஏரி விலங்கு… (வேலூர்)

ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதே. பிள்ளைகளிடம் வேண்டுமானால் பொய் சொல்லிக்கொள்ளுங்கள்.

நாகைக்காரர்: அம்மாவுக்கு முழங்கால் வலி. ஃபைரிஷ் ஏற முடியுமா?

கடினம். பாதை செங்குத்து, வேர்களும் சேறும். ஏறி இறங்க நடப்பவருக்கே இரண்டு மணி நேரம் போல ஆகும். அம்மாவைக் கீழே ஆல்னஸில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார வையுங்கள். வானம் தெளிந்திருந்தால் நெடுஞ்சாலையிலிருந்தே உச்சியில் தூண்கள் தெரியும், காட்டிவிட்டுப் போங்கள். நீங்கள் ஏறினால் மேலிருந்து குரோமார்ட்டி கழிமுகமும் அதில் நிறுத்திவைத்த எண்ணெய்த் துரப்பண மேடைகளும் தெரியும். காற்றில்லாத மாலையில் மட்டும் ஏறாதீர்கள். காரணம் உங்களுக்கே தெரியும்.