கூறைச் சேலை ஏன் தோடம்பழ நிறத்துக்குப் போகிறது? பழைய வீடியோ கேள்வி பதில்

பழைய கலியாண வீடியோவைச் சரிசெய்யும்போது எங்கே இடிக்கிறதோ கேளுங்கள் என்று போன கிழமை எழுதினேன். இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. நான் ஸ்டூடியோக்காரன் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு அறை, கசெட் ஓட்டும் இரண்டு டெக், கோடை வந்தால் மூச்சு வாங்கும் ஒரு கணினி, அவ்வளவுதான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, அக்காவின் கலியாண டிவிடியை 1080க்கு, அதாவது எச்டி அளவுக்கு, பெரிதாக்கினேன். கூறை நல்ல சிவப்பு, இப்போது தோடம்பழ நிறமாகத் தெரிகிறது. வாழையிலையும் கறுத்துப்போய்க் கிடக்கிறது. நிறத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தும் சரிவரவில்லை.

கூட்டிக் குறைத்துச் சரிவராது தம்பி, ஏனென்றால் நிறம் கெடவில்லை, வாசிக்கிற கணக்குத்தான் மாறிவிட்டது. டிவிடியில் நிறம் பி.டி. 601 என்ற கணக்கில் எழுதப்பட்டிருக்கும். எச்டி வீடியோவுக்கு பி.டி. 709. இரண்டிலும் சிவப்பு, பச்சை, நீலத்துக்குக் கொடுக்கிற பங்கு வேறு: 601இல் பச்சைக்கு 0.587, 709இல் 0.7152. நீங்கள் அளவை மட்டும் பெரிதாக்கி, எந்தக் கணக்கு என்ற குறிப்பைக் கோப்பில் போடாமல் விட்டிருப்பீர்கள். பிளேயர் 1080 என்ற அளவைப் பார்த்து "ஓ, இது 709" என்று தானாக முடிவெடுக்கிறது. சிவப்பு மஞ்சள் பக்கம் சாயும், பச்சை இருளும். நீங்கள் சொன்ன இரண்டு அடையாளமும் அப்படியே பொருந்துகிறது.

வழி இரண்டு. பெரிதாக்கும்போதே 601இலிருந்து 709க்கு உண்மையாக மாற்றி, குறிப்பையும் 709 என்று போடுவது. இல்லாவிட்டால் மாற்றாமல் 601 என்றே குறிப்புப் போடுவது. முதலாவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் சில ரீவிகள் குறிப்பைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கவனம்: குறிப்பை மட்டும் மாற்றுகிற கட்டளை வேறு, நிறத்தையே மாற்றுகிற ஃபில்டர் வேறு. முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதைச் செய்ததாக நினைத்துக்கொள்வதுதான் பாதிப் பேருக்கு நடக்கிறது.

தெகிவளையிலிருந்து: கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது. கொன்ட்ராஸ்டைக் கூட்டலாமா?

பொறுங்கள். வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினிப் படத்தில் 0, 255. உங்கள் மென்பொருள் 16ஐ விரிக்காமல் அப்படியே காட்டினால் சாம்பல் தட்டும். மணவறைக்குப் பின்னால் உள்ள இருட்டை நிறம் எடுக்கும் கருவியால் தொட்டுப் பாருங்கள், 16க்குப் பக்கத்தில் நின்றால் இந்த எண் வீச்சுத்தான் பிழை. அந்த அமைப்பை மாற்றினால் போதும். கொன்ட்ராஸ்டைக் கூட்டிவிட்டு அடுத்த மென்பொருளும் ஒருமுறை விரித்தால் தலைமயிரெல்லாம் ஒரே கரிக்கட்டி.

இதே இடத்தில் இன்னொன்று. அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் முகத்துக்கு நேரே பெரிய லைட்டைப் பிடிப்பார்கள் அல்லவா, அதனால் மாப்பிள்ளையின் வேட்டி 235ஐத் தாண்டி எழுதப்பட்டிருக்கும். கணினியின் சிவப்பு, பச்சை, நீலக் கணக்கான ஆர்ஜிபிக்கு மாற்றினதும் அது வெட்டுப்படும். வேட்டியில் மடிப்பே இருக்காது, வெள்ளைக் காகிதம் ஒட்டின மாதிரி. மாற்றுவதற்கு முன், வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக வைக்கிற ஒய்யூவியில் இருக்கும்போதே வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள், மடிப்பு திரும்பி வரும். அவிசிந்த் என்ற மென்பொருளைப் பாவிப்பவர்கள் லெவல்ஸ், ட்வீக் என்ற இரண்டு ஃபில்டரிலும் கோரிங் என்ற அமைப்பை நிறுத்தவேண்டும். அது சொல்லாமலே வெட்டுகிற ஆள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: டீஇன்டர்லேஸ் செய்த பிறகு எல்லாரும் நடுங்குகிறார்கள். ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே.

ஃபீல்ட் வரிசை பிழை. பழைய வீடியோவில் ஒரு ஃபிரேம் ஒன்றுவிட்ட கோடுகளாக இரண்டு ஃபீல்டாகப் பின்னப்பட்டிருக்கும், அதுதான் இன்டர்லேஸ். அதைப் பிரித்து முழுப் படமாக்குவது டீஇன்டர்லேஸ். நம்முடைய பால் (PAL) ரீவி முறையில் வினாடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபீல்ட், மொத்தம் 50. எது முதலில் என்பதை மாற்றிச் சொன்னால் காலம் முன்பின்னாகப் போகும். டிஜிட்டல் கசெட்டில் பதியும் டிவி (DV) கமராவில் எடுத்தது என்றால் கீழ் ஃபீல்ட் முதல், டிவிடி என்றால் பெரும்பாலும் மேல் ஃபீல்ட் முதல், ஆனால் கோப்பு சொல்வதை நம்பவேண்டாம். நான் சோதிப்பது இப்படி: தவில்காரர் வரும் இடத்தைத் தேடிப் பிடித்து, ஃபீல்ட்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றாக நகர்த்துவேன். குச்சி மேலே, கொஞ்சம் கீழே, இன்னும் கீழே, தோலில் பட்டது என்று போனால் சரி. கீழே, மேலே, அதைவிடக் கீழே என்று குதித்தால் வரிசையை மாற்று. மணமேடையில் எல்லாரும் அசையாமல் நிற்கிற காட்சியை வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தவில் இல்லாத கலியாணம் என்றால் அட்சதை போடுகிற கை.

அதே நபர்: நடுக்கம் போய்விட்டது, நன்றி அண்ணா. ஆனால் சிவப்புச் சேலை ஓரத்தில் மட்டும் சீப்புப் பல் மாதிரிக் கோடு.

இதை எதிர்பார்த்தேன். டிவிடியில் நிறம் 4:2:0, அதாவது நான்கு படப்புள்ளிக்கு (பிக்சலுக்கு) ஒரு நிறம். இன்டர்லேஸ் படத்தில் மேல் ஃபீல்டுக்கும் கீழ் ஃபீல்டுக்கும் நிறம் தனித்தனி. எங்கேயோ ஒரு இடத்தில் உங்கள் மென்பொருள் அதை முழு ஃபிரேம் என்று நினைத்து 4:2:2க்கோ (இரண்டு படப்புள்ளிக்கு ஒரு நிறம்) ஆர்ஜிபிக்கோ மாற்றி, இரண்டு ஃபீல்டின் நிறத்தையும் கலந்துவிட்டது. டீஇன்டர்லேஸ் செய்ததும் வெளிச்சத்தில் கோடு போய்விடும், நிறத்தில் மட்டும் நிற்கும், சிவப்பில்தான் முதலில் கண்ணுக்குப் படும். டீஇன்டர்லேஸுக்கு முன்னால் நிறவடிவத்தை மாற்றாதீர்கள். மாற்றியே தீரவேண்டும் என்றால் அந்தக் கட்டளையில் இன்டர்லேஸ் என்று சொல்லிவிடுங்கள். மேலும் கீழும் வெட்டும்போதும் இன்டர்லேஸ் 4:2:0வில் 4, 8, 12 என்று நான்கின் மடங்காக வெட்டவேண்டும். கசெட்டிலிருந்து நீங்களே ஏற்றுவதாக இருந்தால் 4:2:2வில் ஏற்றுங்கள், இந்தத் தலையிடியே வராது.

வத்தளையிலிருந்து: எந்த ஃபில்டரை முதலில் போடுவது? நான் முதலில் படத்தில் மினுங்கும் புள்ளியை (நொய்ஸை) அகற்றிவிட்டுத்தான் மற்றது.

நானும் அப்படித்தான் செய்தேன், அதனால்தான் சொல்கிறேன். தங்கச்சியின் சாமத்தியவீட்டு வீடியோ. புள்ளி அகற்றும் ஃபில்டர் முன் பின் ஃபிரேம்களைப் பார்த்து வேலை செய்வது, அதை இன்டர்லேஸ் படத்தின்மேல் போட்டேன். சின்னத் திரையில் அழகாக இருந்தது. மூலக் கோப்பு 70 ஜிபி, இடமில்லை என்று அழித்துவிட்டேன். பிறகு ரீவியில் போட்டால் ஆலாத்தி சுற்றுகிற கைக்குப் பின்னால் இன்னொரு கை மங்கலாக வருகிறது. கசெட்டைத் தேடினால் பூஞ்சணம். அம்மா இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பெரிய பேச்சு.

முதலில் டீஇன்டர்லேஸ், நேரம் இருந்தால் கியூடிஜிஎம்சி என்ற மெதுவான ஃபில்டர், இல்லாவிட்டால் வேகமான பிவ்டிஃப், 25 இல்லை, 50 ஃபிரேமாக. பிறகு வெளிச்சம், நிறம் உருவத்தை விட்டு நகர்ந்திருந்தால் அதைச் சரிசெய்வது, பிறகு புள்ளி, பிறகு அளவு. கூர்மையாக்கல் கடைசியில், அதுவும் மனம் கேட்காவிட்டால் மட்டும். விஎச்எஸ் கசெட்டில் வெளிச்சத்துக்கே அகலவாக்கில் ஏறத்தாழ 240 கோடுதான், நிறத்துக்கு ஏறத்தாழ 40. இல்லாததைக் கூர்மையாக்கினால் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு வரும். பல டிவிடிகளில் அதை ஏற்கெனவே ஒருவர் செய்துவைத்திருக்கிறார், நீங்கள் இரண்டாவது ஆள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: கனடாவிலிருந்து மாமா அனுப்பிய கசெட்டை இங்கே ஒரு கடையில் மாற்றி எடுத்தோம். யார் அசைந்தாலும் இரட்டை உருவம். எந்த டீஇன்டர்லேஸ் போட்டாலும் போகவில்லை.

கனடாக் கசெட் என்.டி.எஸ்.சி. என்ற வேறு ரீவி முறை, வினாடிக்கு 59.94 ஃபீல்ட். அதை 50 ஆக்க, மாற்றுகிற கருவி பக்கத்துப் பக்கத்து ஃபீல்ட்களைக் கலந்து எழுதிவிட்டது. அந்தக் கலவை ஃபீல்டுக்கு உள்ளேயே இருப்பதால் டீஇன்டர்லேஸுக்கு அது தெரியாது. மூலம் சினிமாப்படம் என்றால் எஸ்ரெஸ்டோர் போன்ற ஃபில்டர்கள் கலக்காத ஃபிரேம்களைப் பொறுக்கி எடுத்து ஓரளவு காப்பாற்றும். கமராவில் எடுத்த பிறந்தநாள் விழாவுக்கு அது நடக்காது, நேரத்தை வீணாக்கவேண்டாம். மூலக் கசெட் இருக்கிறதா என்று மாமாவிடம் கேளுங்கள், என்.டி.எஸ்.சி.யை அப்படியே வெளியே விடுகிற டெக்கில் போட்டு 720க்கு 480 ஆக ஏற்றுங்கள். கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை, அந்தக் காலத்து ரீவியில் ஓடினால் போதும் என்றுதான் எல்லாரும் கேட்டோம்.

மட்டக்குளியிலிருந்து: பிரான்சிலிருந்து வந்த கசெட் கறுப்பு வெள்ளையாக வருகிறது. நிறத்தைக் கொண்டுவர ஃபில்டர் இருக்கிறதா?

இல்லை. அது செகாம், பிரான்சில் அப்போது இருந்த ரீவி முறை. உங்கள் பால் டெக் நிறத்தை வாசிக்கவே இல்லை, கோப்பில் நிறமே இல்லை. செகாம் வாசிக்கும் டெக் தேடவேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து இன்னொருவர்: விசிடியை டீஇன்டர்லேஸ் செய்தால் இன்னும் மங்கலாகிறது.

ஆகும். விசிடி 352க்கு 288, அதில் இன்டர்லேஸே கிடையாது, செய்யும்போதே பாதியை எறிந்துவிட்டார்கள். நீங்கள் மிச்சத்தில் பாதியையும் எறிகிறீர்கள். கட்டம் கட்டமாகத் தெரிவதை மட்டும் மெதுவாகக் குறைத்து விட்டுவிடுங்கள்.

மொரட்டுவையிலிருந்து: ஏஐ மென்பொருளில் போட்டேன், அம்மம்மாவின் முகம் மெழுகு பொம்மை மாதிரி. எது பிழை?

இன்டர்லேஸோடு கொடுத்திருப்பீர்கள், அது கோட்டையும் தோல் என்று நினைத்து வரைந்துவிட்டது. சுத்தமாக்கிக் கொடுத்தால் கொஞ்சம் மேல். ஆனாலும் அம்மம்மாவின் முகச்சுருக்கம் எந்தப் பக்கம் போகும் என்று அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். முகம் வரும் காட்சிகளுக்கு நான் அதைப் போடுவதில்லை.

கடைசியாக, பெயர் வேண்டாம் என்று ஒருவர்: கசெட்டின் சன்னலில் வெள்ளையாகத் தூள் மாதிரி. ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டுமா?

ஓட்டவேண்டாம்! அது பூஞ்சணம், டெக்கின் தலையில் ஒட்டி அடுத்துப் போடுகிற நல்ல கசெட்டுக்கும் போகும். நம்முடைய கடற்கரை ஈரத்துக்கு அலுமாரியில் வைத்த பாதிக் கசெட் இப்படித்தான். பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பைகளோடு, மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். சுத்தம் செய்யத் தெரிந்தவர் கையில் கொடுக்கும்வரை டெக் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.