காம்படியில் பச்சை இருந்தால் விடாதீர்கள்

கொல்லைப்புறம்: வாசகர் கேள்வி – பதில்

அக்கா, ஆகஸ்ட் மாதம் பிட்ஸ்டவுனில் தக்காளி சுவைக்கும் விழா நடக்கும் என்று முன்பு ஒரு முறை எழுதியிருந்தீர்கள். தக்காளியைத் தின்று பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா? பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?
– எடிசன், நியூ ஜெர்சி

போகத்தான் வேண்டும். எடிசனிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஹண்டர்டன் கவுன்டியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்னைடர் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. விழா அங்கேதான். ஆகஸ்ட் கடைசியில், பெரும்பாலும் ஒரு புதன்கிழமை, பிற்பகலில் தொடங்கும். கூடாரத்துக்குள் நீள நீளமான மேசைகள். ஒவ்வொரு வகைக்கும் முன்னால் ஒரு பெயர்ச் சீட்டு, முழுப் பழம், பக்கத்துத் தட்டில் துண்டுகள். தலைமுறை தலைமுறையாக விதை எடுத்துக் காத்த ஏர்லூமும் இருக்கும், இரண்டு வகையைக் கலந்து உண்டாக்கிய ஹைப்ரிடும் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துத் தின்று பார்க்க முடிவதுதான் அந்த விழாவின் பெரிய விசேஷம். மஞ்சள், ஆரஞ்சு, கறுப்பு, பழுத்தும் பச்சையாகவே இருப்பது, வரிவரியாக இருப்பது... முதல் தடவை போனபோது நான் முதல் மேசையைத் தாண்டவே அரை மணி நேரம் ஆனது. அதுவரை எனக்குத் தக்காளி என்றால் புளிப்பு, அவ்வளவுதான். கொஞ்சம் புகை வாசம் கலந்த மாதிரி, கொஞ்சம் உப்புக் கரித்த மாதிரி ஒரு தக்காளி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிள்ளைகளை அவசியம் கூட்டிப் போங்கள். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. சாம்பாரில் கிடக்கும் தக்காளியைப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்குகிறவள். அங்கே சன்கோல்ட் என்ற ஆரஞ்சு நிறக் குட்டித் தக்காளியில் ஆரம்பித்து, என் கையை விட்டுவிட்டு மேசை மேசையாகப் போய்விட்டாள். சன்கோல்ட் ஹைப்ரிட்தான், விதை எடுத்தால் அடுத்த வருடம் அதே பழம் வராது. ஆனாலும் அவளைத் தக்காளி பக்கம் திருப்பியது அதுதான்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. இனிப்பான குட்டித் தக்காளிகளைக் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே அதைத் தின்றால் மற்றதெல்லாம் சப்பென்று இருக்கும். மஞ்சளும் வெளிர் நிறமும் முதலில், சிவப்பு அடுத்து, கறுப்பு அதற்கப்புறம். நடுவில் நாக்கைச் சுத்தப்படுத்த நான் ஒரு டப்பாவில் இரண்டு இட்லி கொண்டு போவேன். தண்ணீர் மட்டும் குடித்தால் புளிப்பு போகாது, வெறும் இட்லி ஒரு விள்ளல் தின்றால் போய்விடும். பென்சிலும் சின்ன நோட்டும் கட்டாயம் வேண்டும். பத்தாவது தட்டுக்கு மேல் எது எதுவென்று நினைவிருக்காது.

அப்புறம் அங்கே நிற்கும் தோட்டக்காரர்களிடம் பேச்சுக் கொடுங்கள். எத்தனை நாளில் காய்க்கும், மழைக்கு வெடிக்குமா, ஒரு செடியில் எத்தனை பழம்: இந்த மூன்றையும் கேட்காமல் ஒரு வகையைக்கூட மனதில் குறித்துக்கொள்ளாதீர்கள். தேதியையும் டிக்கெட்டையும் அந்தந்த வருடம் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஏர்லூம் என்பது நம் நாட்டுத் தக்காளிதானா?
– பார்சிப்பனி

ஒரே குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். விதை எடுத்துப் போட்டால் தாயைப் போலவே பிள்ளை வர வேண்டும், அதுதான் முதல் இலக்கணம். அடுத்தது, அந்த விதையை யாரோ தலைமுறை தலைமுறையாகக் கைவிடாமல் வைத்திருக்க வேண்டும். எத்தனை வருடம் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. ஐம்பது என்பார்கள் சிலர்.

அந்தக் கணக்கில் எனக்குப் பெரிய பிடிவாதம் கிடையாது. ரட்கர்ஸ் என்றே பெயருள்ள தக்காளி 1934-இல் வெளிவந்தது. கேம்பெல் சூப் கம்பெனியின் ஜே.டி.டி. என்ற வகையும் மார்குளோப் என்ற வகையும் சேர்ந்து பிறந்தது. எந்தப் பாட்டியின் முந்தானையிலும் முடிந்து வந்த விதை இல்லை. ஆனால் விதை எடுக்கலாம், மாறாமல் முளைக்கும். அதே பல்கலைக்கழகம் 1968-இல் வெளியிட்ட ராமாப்போ ருசியில் குறைந்ததில்லை. ஆனால் அது ஹைப்ரிட், வருடா வருடம் விதை வாங்கியாக வேண்டும். கிரீன் ஸீப்ராவைப் பலரும் ஏர்லூம் என்று விற்கிறார்கள். டாம் வாக்னர் என்பவர் 1983-இல் வெளியிட்ட வகை அது, என் கல்யாணத்துக்கு நான்கு வருடம் முன்னால்.

நான் தேனிப் பக்கம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் அன்னஞ்சி என்று ஒரு கிராமம். அங்கே விளைந்த உள்ளூர்த் தக்காளியை எடுத்து, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அதன் மரபில் திடீர் மாற்றம் உண்டாக்கித்தான் பி.கே.எம்.1 என்ற ரகம் வந்தது. தமிழ்நாடு முழுக்கப் பேர் வாங்கிய அந்தத் தக்காளியின் தாய் ஒரு கிராமத்துத் தக்காளி. நாட்டு ரகத்தை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் அன்னஞ்சியைத்தான் சொல்வேன். தாய் அழிந்திருந்தால் மகள் எங்கிருந்து வந்திருப்பாள்?

உழவர் சந்தையில் வாங்கிய ஏர்லூம் பழத்தின் காம்பைச் சுற்றிப் பச்சையாகவே இருக்கிறது. பழுக்காததை ஏமாற்றிக் கொடுத்துவிட்டார்களா?
– பிளெய்ன்ஸ்பரோ

ஏமாற்றவில்லை, நல்ல பழம்தான் வாங்கியிருக்கிறீர்கள். பழைய வகைகள் பலவற்றுக்குக் காம்படியில் கரும்பச்சை இருக்கும். பி.கே.எம்.1-க்கும் உண்டு. பழம் மொத்தமும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும், எப்போது பறிக்கலாம் என்று பார்த்ததும் தெரிய வேண்டும் என்பதற்காக, ஏறக்குறைய 70 வருடங்களாக அந்தப் பச்சை இல்லாத வகைகளாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2012-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு அதன் விலையைச் சொன்னது. காயில் பச்சையத்தைக் கூட்டி, பழத்தில் சர்க்கரை சேர உதவுகிற ஒரு மரபணு, சீராகச் சிவக்கும் வகைகளில் பழுதாகிக் கிடக்கிறது. பார்வைக்காகப் பச்சையை விரட்டினோம், கூடவே தித்திப்பில் கொஞ்சம் போய்விட்டது.

அந்த இடம் கட்டியாக, உள்ளே வெள்ளை நரம்போடு இருந்தால் அது வேறு விஷயம். வெயில் சூட்டில் அப்படி ஆகும். அதை மட்டும் நறுக்கி எறிந்துவிடுங்கள்.

எங்கள் ஊர் ராலி. செரோக்கி பர்ப்பிள் எங்கள் ஊர்த் தக்காளி என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். உண்மையா?
– ராலி, வட கரோலினா

பெயர் வைத்தது அப்போது உங்கள் ஊரில் இருந்தவர். 1990-இல் கிரெய்க் லெஹூலியர் என்பவருக்குத் தபாலில் ஒரு பொட்டலம் விதை வந்தது. அனுப்பியவர் டென்னசி மாநிலத்து ஜான் கிரீன். சுமார் நூறு வருடத்துக்கு முன் செரோக்கி பழங்குடி மக்களிடமிருந்து கிடைத்த விதை என்று அதோடு ஒரு குறிப்பு. விதைக்குப் பெயர் கிடையாது. லெஹூலியர் விளைவித்துப் பார்த்து, செரோக்கி பர்ப்பிள் என்று பெயர் வைத்து, விதை விற்பவர்களுக்கு அனுப்பிவைத்தார். கன்றிப்போன மாதிரி நிறம், வெட்டினால் செங்கல் சிவப்பும் பச்சைச் சாறும். இன்றைக்கு ஏர்லூம் விழா எங்கே நடந்தாலும் அது இல்லாத மேசையை நான் பார்த்ததில்லை. தபாலில் வந்த ஒரு பொட்டலம், அதைக் குப்பையில் போடாத ஒரு மனிதர்!

அவரும் ஒரு நண்பரும் சேர்ந்து உங்கள் பக்கத்தில் டொமேட்டோபலூசா என்று பல வருடம் விழா நடத்தினார்கள். அவரவர் விளைவித்ததை அவரவர் எடுத்து வந்து எல்லோரும் பகிர்ந்து தின்பது. பக்கத்து வீட்டுக்காரர் போயிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். போயிருந்தால் அவரிடம் விதை இருக்கும்.

எங்கள் தமிழ்ப் பள்ளியில் அப்படி ஒரு விழா நடத்தலாமா? எப்படி ஆரம்பிப்பது?
– எக்ஸ்டன், பென்சில்வேனியா

தாராளமாக நடத்தலாம். ஆனால் ஆகஸ்டில் ஆரம்பிக்காதீர்கள், மார்ச்சில் ஆரம்பியுங்கள். மார்ச் கடைசியில் வீட்டுக்குள் விதை போட்டால் மே நடுவில், பனி பயம் போனதும், நாற்று தயார். பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு வகை வளர்த்து மே மாதம் நாற்று விற்கட்டும். வாங்கிய குடும்பங்கள் ஆகஸ்டில் பழத்தோடு வருவார்கள். அதுதான் விழா.

நாற்று விற்பதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். மேற்கு வர்ஜீனியாவில் லோகன் என்ற ஊரில் பைல்ஸ் என்று ஒருவர் லாரி ரேடியேட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோட்டத்தில் நடுவில் ஒரு ஜெர்மன் ஜான்சன் தக்காளிச் செடி, சுற்றிலும் வட்டமாக வேறு வகைத் தக்காளிச் செடிகள். குழந்தைகளுக்குக் காது சுத்தம் செய்யும் ரப்பர்க் குமிழை வைத்து, சுற்றியுள்ள பூக்களின் மகரந்தத்தை நடுச்செடிப் பூவில் சேர்த்தார். சில வருடம் இப்படித் தேர்ந்தெடுத்து, கிடைத்த செடியின் நாற்றை 1940-களில் ஒன்று ஒரு டாலர் என்று விற்றார். ஆறு வருடத்தில் 6,000 டாலர் வீட்டுக் கடனை அடைத்துவிட்டார். அந்தத் தக்காளிக்கே மார்ட்கேஜ் லிஃப்டர், அதாவது வீட்டுக் கடன் தீர்ப்பான், என்று பெயர். இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நாற்றைக் கையில் கொடுங்கள், ஒருவர்கூடத் தண்ணீர் ஊற்ற மறக்க மாட்டார்கள்.

விழா அன்று ஒரு வகைக்கு ஒரு தட்டு. முழுப் பழம் ஒன்றை வெட்டாமல் முன்னால் வையுங்கள். சீட்டில் பெயரைத் தமிழிலும் எழுதுங்கள், வளர்த்தவர் பெயரையும் எழுதுங்கள். பழத்தை ஃபிரிட்ஜில் வைத்துக் கொண்டுவராதீர்கள், வாசனை செத்துவிடும். உப்பை ஓரமாக வையுங்கள், முதல் வாய் உப்பில்லாமல். ஓட்டுப் போட ஆளுக்கு மூன்று மொச்சைக் கொட்டை. பிடித்த தட்டுக்கு முன்னால் இருக்கும் கிண்ணத்தில் போட வேண்டும். எங்கள் கோயில் மண்டபத்தில் இப்படிச் செய்தோம். நாலு வயசுப் பிள்ளையும் எழுபது வயசுத் தாத்தாவும் ஒரே கிண்ணத்துக்கு முன்னால் நின்று யோசித்தார்கள்.

விழாவில் தின்ற பழத்திலிருந்து விதை எடுத்து வைக்கலாமா?
– செர்ரி ஹில்

விழாவில் கிடைக்கும் துண்டு எந்தச் செடியுடையது, பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரியாது. உங்கள் கொல்லையில் விளைந்ததில் எடுங்கள். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆனால் உருளைக்கிழங்கு இலை மாதிரி இலை உள்ள வகைகளில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுண்டு, வண்டு வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். பிராண்டிவைன் என்ற ஏர்லூம் அந்த இலைக்காரி. விசேஷ வீடுகளில் ரிட்டர்ன் கிஃப்ட் போட்டுத் தரும் வலைப்பையை நான் எறிவதே இல்லை. பூ விரிவதற்கு முன் கொத்தின் மேல் அதைக் கட்டி, பிஞ்சு பிடித்ததும் அவிழ்த்து, காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுவேன்.

பெரிய பழமாகப் பார்க்காதீர்கள், நோயில்லாத நல்ல செடியாகப் பாருங்கள். நன்றாகக் கனிந்த பழத்தைக் குறுக்கே வெட்டி, விதையைக் கொழகொழப்போடு ஒரு கண்ணாடி டம்ளரில் பிதுக்குங்கள். கொஞ்சம் தண்ணீர், மேலே ஒரு துணி. மூன்று நாளில் வெள்ளை ஆடை படியும், புளித்த மாவு கெட்டுப்போன மாதிரி நாற்றம் வரும். பயப்பட வேண்டாம், விதையை முளைக்க விடாமல் தடுக்கும் கொழகொழப்பு கரைகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் விட்டால் டம்ளரிலேயே முளைத்துவிடும். மிதப்பதை ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதை வடிகட்டியில் அலசி, பீங்கான் தட்டில் பரப்புங்கள். டிஷ்யூ பேப்பரில் போட்டால் ஒட்டிக்கொண்டு பிய்க்க வராது. தினம் விரலால் ஒரு தடவை கலைத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் காய்ந்து, தொட்டால் மெல்லிய பூனைமயிர் மாதிரி இருக்கும். உறையில் பெயரும் வருடமும் எழுதி, ஈரம் படாத இடத்தில் வைத்தால் நாலைந்து வருடம் தாங்கும்.

தேனியிலிருந்து வரும்போது நாட்டுத் தக்காளி விதையைப் பெட்டிக்குள் வைத்து எடுத்து வரலாமா?
– பிஸ்காட்டவே

வேண்டாம். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விதை கொண்டுவரக் கூடாது. ஆசை எனக்கும் உண்டு, அன்னஞ்சிப் பக்கத்துக்காரி நான். ஆனால் 2009 கோடை எனக்கு மறக்காது. கடைகளில் விற்ற நாற்றோடு சேர்ந்து பின்கருகல் நோய் வடகிழக்கு மாநிலங்கள் முழுக்கப் பரவிய வருடம் அது. நானும் ஒரு கடையில் ஆறு நாற்று வாங்கி நட்டேன். ஜூலையில் தண்டு கறுத்தது, காயில் பழுப்புத் திட்டு, ஒரே வாரத்தில் என் சொந்த விதையில் வளர்ந்த பதினெட்டுச் செடியும் போய்விட்டது. மூட்டையாகக் கட்டி வெளியே வைத்துவிட்டு அன்றைக்கு நான் சமைக்கவில்லை. ஒரு செடியோடு வருவது எத்தனை பேர் கொல்லையை அழிக்கும் என்று கண்ணால் பார்த்தாயிற்று.

ரசத்துக்கு எந்த ஏர்லூம் நல்லது?
– பிரின்ஸ்டன்

பிராண்டிவைனை ரசத்தில் போடாதீர்கள், அக்கா கெஞ்சிக் கேட்கிறேன். டென்னசியில் ஒரு குடும்பம் 80 வருடத்துக்கு மேல் காப்பாற்றி, ஒஹையோவில் பென் குவிசன்பெரி என்ற பெரியவர் கைக்கு வந்து, 1982-இல் சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற விதைக் காப்பாளர் அமைப்புக்குப் போய்ச் சேர்ந்த விதை அது. கொதிக்க வைத்தால் அந்த வாசனை அத்தனையும் ஆவியாகப் போய்விடும். தடித்த வில்லையாக நறுக்கி, உப்புத் தூவி, முழங்கை வரை சாறு வழிய அப்படியே தின்னுங்கள். தொக்குக்கு ஆமிஷ் பேஸ்ட் என்ற வகை, சதை அதிகம், சீக்கிரம் சுண்டும். ரசத்துக்கு ரட்கர்ஸ். மூன்று பழத்தை வெந்நீரில் போட்டு எடுத்துக் கையால் கரைத்தால் தோல் தனியே வந்துவிடும். புளியை வழக்கத்தில் பாதியாகக் குறையுங்கள், நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள்.