அரபு நாடுகள் எல்லாவற்றிலும் பேசுவது ஒரே அரபிதானா?

எழுதுவது ஒன்று, பேசுவது பல. அரபு லீகில் 22 நாடுகள் இருக்கின்றன. அவற்றில் பல நாடுகளில் செய்தி, பாடப்புத்தகம், மேடைப் பேச்சு பெரும்பாலும் 'ஃபுஸ்ஹா' என்ற பொது எழுத்து அரபியில்தான். அதைப் பள்ளியில்தான் முறையாகக் கற்கிறார்கள். வீட்டிலும் கடைத்தெருவிலும் அந்தந்த ஊர்ப் பேச்சுதான்.

'எப்படி இருக்கிறாய்?' என்பதையே பாருங்கள். கெய்ரோவில் 'இஸ்ஸய்யக்', பெய்ரூட்டில் 'கீஃபக்', குவைத்தில் 'ஷ்லோனக்', மொராக்கோவில் 'லாபாஸ்'. ஷ்லோனக் என்றால் சொல்லுக்குச் சொல் 'உன் நிறம் என்ன?' எனக்கு மிகவும் பிடித்த நலம் விசாரிப்பு அது! மொராக்கோ பேச்சில் அமாசிக் (வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடி மொழி), பிரெஞ்சுச் சொற்கள் கலந்திருப்பதால் வளைகுடாக்காரர்கள் திணறுவார்கள். எகிப்துப் பேச்சு மட்டும் பலருக்கும் புரியும். கெய்ரோ சினிமாவும் வானொலியும் செய்த வேலை.

அப்புறம் கைபேசி வந்தது. தொடக்கத்தில் பல கருவிகளில் அரபு எழுத்து இல்லை. இளைஞர்கள் ரோமன் எழுத்தில் தட்டினார்கள். அதில் இல்லாத ஒலிகளுக்கு எண்களைப் போட்டார்கள். 'ஐன்' எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தால் 3 மாதிரி இருக்கும், அதனால் அதற்கு 3. அழுத்தமான 'ஹா'வுக்கு 7, தொண்டையில் சட்டென நிறுத்தும் ஒலியான ஹம்ஸாவுக்கு 2. இன்று அரபு விசைப்பலகை பெரும்பாலான கைபேசிகளில் உண்டு. அதில் ஊர்ப் பேச்சையே அப்படியே எழுதுகிறார்கள். முன்பு அரிதாகவே ஏட்டில் ஏறிய மொழி அது. என்னைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் இதுதான்.

இதனால் ஃபுஸ்ஹா அழியும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. குர்ஆனோடு பிணைந்த மொழி அது. மொராக்கோக்காரரும் ஈராக்கியரும் ஒரே நாளிதழைப் படிக்க முடிவதும் அதனால்தான்.

சரி, வேலைக்காக வளைகுடா போகிறீர்கள் என்றால் ஷ்லோனக்கில் தொடங்குங்கள். படிக்க ஆசை என்றால் ஃபுஸ்ஹா.