நகைய அடகு வைக்கறதுக்கு முன்னாடி, எந்த டெஸ்ட்னு கேளுங்க

கேள்வி: சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். மகனுக்கு நாலரை வயசு. படி ஏற சிரமப்படறான், தரையில இருந்து எந்திரிச்சா தொடையில கை ஊனித்தான் எந்திரிக்கறான், கெண்டைக்கால் மட்டும் பெருசா இருக்கு. தசை நோயா இருக்கலாம், ஜெனடிக் டெஸ்ட் எடுங்கன்னு டாக்டர் சொல்றாரு. பிரைவேட் லேப்ல எல்லா ஜீனையும் பார்க்க 6,000 வெள்ளி கேட்கறாங்க. வீட்டுக்காரர் செம்பனை லாரி ஓட்டறாரு. நகைய அடகு வைக்கலாமா?

பதில்: இப்ப வேணாம் தங்கச்சி. பிள்ளை விஷயத்துல கணக்கு பார்க்கறேன்னு நினைச்சிராதீங்க, அந்தக் காசு சரியான டெஸ்டுக்குப் போகணும்னுதான் சொல்றேன். நீங்க சொல்ற அடையாளத்துக்கு டாக்டருங்க முதல்ல சந்தேகப்படறது டுஷேன்ங்கற பரம்பரை தசை சிதைவு நோய். அதுக்கு, தசையில இருக்கற சிகேங்கற பொருள் ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பார்க்கற ஒரு சாதாரண ரத்த டெஸ்ட் போதும் ஆரம்பிக்க, தசை சிதைஞ்சா அந்த அளவு பல மடங்கு ஏறிரும். ஏறியிருந்தா டிஎம்டிங்கற ஒரே ஜீன மட்டும் பார்க்கற எம்எல்பிஏ டெஸ்ட், அந்த ஜீன்ல 79 துண்டு இருக்கு, இந்த நோய் உள்ள பத்து பையன்ல ஏறக்குறைய ஏழு பேருக்கு ஏதாவது துண்டு விடுபட்டோ ரெண்டா வந்தோ இருக்கும், அது இதுலயே மாட்டிரும். மாட்டலன்னா அதே ஜீன எழுத்தெழுத்தா படிப்பாங்க. 6,000 வெள்ளி டெஸ்ட் அதுக்கும் பிறகுதான், ஏன்னா எல்லா ஜீனையும் பார்க்கற டெஸ்ட் சில சமயம் இந்தத் துண்டு விடுபட்டதையே தவற விட்டுரும்.

அரசாங்க ஆஸ்பத்திரி குழந்தை டாக்டர்கிட்ட கடிதம் வாங்குங்க. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில ஜெனடிக்ஸ் டிபார்ட்மென்ட் இருக்கு. காத்திருக்கணும், ஆனா சிகே ரிசல்ட் கையில இருந்தா பேச வசதி. உங்களுக்கு உண்மையான செலவு போக்குவரத்தும் வீட்டுக்காரர் லீவு போடற நாள் சம்பளமும்தான், அதுக்கு இபிஎஃப்ல 2024 மே மாசம் வந்த ஃபிளெக்ஸிபல் அக்கவுன்ட்ல இருக்கறத எடுக்கலாம், காரணம் கேட்க மாட்டாங்க. அடகுக்கடை வட்டி மாசாமாசம் ஏறும், அத கடைசியா வச்சுக்குங்க.

இன்னொன்னு, மகனுக்கு எந்த இடத்துல பிழைன்னு தெரிஞ்சா உங்களுக்கும் அந்த ஒரு இடத்த மட்டும் பார்த்தா போதும். இந்த நோய் உள்ள பையன்களோட அம்மாவுல மூணுல ரெண்டு பேர்கிட்ட அந்த மாற்றம் இருக்கும், அவங்க இதயத்தையும் அப்பப்ப செக் பண்ணணும். அடுத்த பிள்ளை யோசிக்கறீங்கன்னா அதுக்கு முன்னாடியே இத முடிச்சிருங்க.

யாராவது ஏஜென்ட் மகனோட நோய மறைச்சு இன்சூரன்ஸ் எடுக்கச் சொன்னா கேட்காதீங்க, பின்னாடி கிளெய்ம் நின்னுரும். நாளைக்கே டாக்டர்கிட்ட "சிகே எடுத்தாச்சா, எந்த ஜீன சந்தேகப்படறீங்க"ன்னு கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க.