‘இவன் இல்லாமல் போனால் நிம்மதி’ என்று நினைத்துவிட்டேன்

கேள்வி: எனக்கு வயது 41. தம்பிக்கு 34. அவனுக்கு 22 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறோம். அம்மாவுக்கு 70 தாண்டிவிட்டதால், அவனுக்காக நான் வேலையையும் விட்டுவிட்டேன். ராத்திரி முழுக்க யாருடனோ பேசுகிறான். பக்கத்து வீட்டில் தன்னை ஒட்டுக்கேட்கிறார்கள் என்கிறான். பகலில் படுத்தே கிடக்கிறான், குளிக்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடிப்பதால், அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் பொடித்துக் கலந்து கொடுக்கிறேன். போன வாரம் அவன் கத்தியபோது நானும் பதிலுக்குக் கத்திவிட்டேன். அன்று இரவு, ‘இவன் இல்லாமல் போனால் நிம்மதி’ என்று தோன்றியது. அதிலிருந்து அவன் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது. உறவினர்கள் எல்லாம் அம்மாவின் வளர்ப்பைக் குறை சொல்கிறார்கள். வெளியூரில் இருக்கும் அண்ணன், பேசாமல் ஒரு இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார். அதைக் கேட்டு அம்மா அழுகிறார். இந்த நோய் எனக்கும் வந்துவிடுமோ என்று வேறு பயமாக இருக்கிறது. நான் கெட்டவளா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை, நீங்கள் கெட்டவர் இல்லை. வருடக்கணக்காகத் தூக்கம் கெட்டுப்போன ஒருவருக்கு வரக்கூடிய எண்ணம்தான் இது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பலருக்கும் வருகிறது, யாரும் வெளியே சொல்வதில்லை. நீங்கள் விரும்பியது தம்பியின் முடிவையா, இந்த நிலைமையின் முடிவையா என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்த எனக்கு இரண்டாவதுதான் தெரிகிறது. ஆனால் ஒன்று, ‘நானும் போய்விடலாம்’, ‘ரெண்டு பேருமே போய்விடலாம்’ என்கிற மாதிரி எண்ணம் ஒருமுறை வந்தாலும் அதைத் தனியாக வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ சொல்லிவிடுங்கள்.

உறவினர்கள் பேச்சுக்கு வருகிறேன். தாயின் வளர்ப்புதான் மனச்சிதைவுக்குக் காரணம் என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியது. 1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் எழுதியது அதற்கு வலு சேர்த்தது. பிறகு வந்த ஆய்வுகள் அதைத் தூக்கிப்போட்டுவிட்டன. இது மூளை சம்பந்தப்பட்ட நோய், மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. மருத்துவம் எப்போதோ கைவிட்டதை உறவினர்கள் இன்னும் கைவிடவில்லை, அவ்வளவுதான். அம்மாவிடம் இதை வாய்விட்டே சொல்லுங்கள்.

உங்களுக்கு வருமா? உடன்பிறந்த ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று என்பார்கள். அதுவும் பெரும்பாலும் பதின்வயதின் கடைசிக்கும் முப்பதுகளின் நடுவுக்கும் இடையில்தான் தொடங்கும். 41 வயதில் அந்த ஆபத்தின் பெரும்பகுதியை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். இப்போது உங்களுக்கு வரக்கூடியது மனச்சோர்வு. தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தம்பியின் டாக்டரைப் பார்க்கும்போது உங்களுக்கும் சேர்த்துச் சீட்டு எடுத்துவிடுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம். 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து நீண்ட நாள் கழித்து வெளியே வந்த ஆண் நோயாளிகளைக் கவனித்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிப் போனவர்களைவிட, உடன்பிறந்தவர்களோடோ வாடகை அறையிலோ தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள். அன்பு அதிகமான இடத்தில் நோய் ஏன் திரும்புகிறது? அதைத் துருவிப் போனபோது மூன்று விஷயங்கள் தென்பட்டன. ஓயாமல் குறை சொல்வது, வெறுப்பைக் காட்டுவது, இவை இரண்டும் நாம் எதிர்பார்ப்பவைதான். மூன்றாவதுதான் பலருக்கும் அதிர்ச்சி: தன் வாழ்க்கையையே துறந்து, நோயாளியின் ஒவ்வொரு அசைவையும் கண்காணித்துக்கொண்டே இருப்பது.

அப்புறம் 1976-ல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் இருவரும் வெளியிட்ட ஆய்வில் நேரக்கணக்கும் சேர்ந்தது. இப்படி உணர்ச்சிச் சூடு அதிகமான வீடுகளில், வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் பழகியவர்களுக்கு நோய் திரும்பியது கூடுதலாக இருந்தது. குறைவாகப் பழகியவர்களுக்கும் மருந்தை ஒழுங்காக எடுத்தவர்களுக்கும் குறைவாக இருந்தது. குடும்பத்தைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. நோயை உண்டாக்குவது குடும்பம் இல்லை, வந்த நோய் அமைதியான இடத்தில் கொஞ்சம் அடங்குகிறது என்பதுதான் விஷயம். நீங்கள் வேலையை விட்டு நாள் முழுக்க அவன் பக்கத்திலேயே இருப்பது அவனுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தீர்கள். ஆனால் உங்களுக்கு மூச்சு முட்டுகிற அதே இடத்தில் அவனுக்கும் மூச்சு முட்டுகிறது.

அதனால் நீங்கள் வெளியே போக வேண்டும். பகுதி நேர வேலையோ வகுப்போ சும்மா ஒரு நடையோ, ஏதாவது ஒன்று தினமும் சில மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தில் பாரம் முழுக்க அம்மா தலையில் விழக்கூடாது. அண்ணனைக் கூப்பிட்டு, ‘புத்திமதி போதும் அண்ணா, மாதத்தில் இத்தனை நாள் வந்து இருங்கள், முடியாவிட்டால் அந்த நாட்களுக்கு ஓர் ஆளுக்கான செலவைக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். பொதுவாக ‘உதவி செய்யுங்கள்’ என்றால் யாரும் அசைய மாட்டார்கள். தேதி குறித்துக் கேட்டால் தட்டுவது கஷ்டம்.

பகலில் படுத்துக் கிடப்பது, குளிக்காமல் இருப்பது, எதிலும் ஆர்வமில்லாமல் இருப்பது. வீட்டில் அதிகம் சண்டை வருவது இவற்றால்தான். யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று சொன்னால் நோய் என்று உடனே புரிகிறது, குளிக்கவில்லை என்றால் மட்டும் சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. இதுவும் நோயின் ஒரு பகுதிதான். நோயாளியின் காதில் மட்டும் கேட்கிற குரல்களை மருந்து அடக்குகிற அளவுக்கு இதைச் சரிசெய்வதில்லை. சில மருந்துகளின் தூக்கக் கலக்கமும் இதோடு சேர்ந்துகொள்ளும். தினமும் குளியலுக்காகப் போராடாமல், வாரத்துக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அவன் சொல்லும்போது ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்று நிரூபிக்கவும் இறங்காதீர்கள். ‘உனக்குப் பயமாக இருக்கிறது போல, நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்பது போதும். வாதம் செய்து ஜெயித்தவர்கள் இதுவரை யாருமில்லை. அவன் கத்தும்போது நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அடிக்க வந்தாலோ கையில் எதையாவது எடுத்தாலோ அம்மாவோடு வீட்டை விட்டு வெளியே வந்து அவசர உதவியைக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் ‘நம்ம தம்பிதானே’ என்று தயங்கி நிற்காதீர்கள். சாவைப் பற்றிப் பேசினாலும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

சாப்பாட்டில் மருந்து கலப்பதைப் பற்றி. ஏன் செய்கிறீர்கள் என்று புரிகிறது, திட்டப் போவதில்லை. ஆனால் ஏற்கெனவே சந்தேகத்தில் தவிக்கிற ஒருவன், தன் சாப்பாட்டில் நிஜமாகவே எதையோ கலக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற நாளை யோசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதில் எதை அவன் நம்புவான்? இன்னொன்று, பாதி சாப்பிட்டு எழுந்துவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று தெரியாது. பொடிக்கவே கூடாத மாத்திரைகளும் உண்டு. அதற்காக நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நின்றால் நோய் திரும்பிவிடலாம். முதலில் டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். மாதம் ஒருமுறை போடுகிற ஊசி இருக்கிறது, சிலருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவதும் உண்டு. தம்பிக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். முறையாகக் கொடுத்தும் இரண்டு மருந்துகள் பலன் தரவில்லை என்றால், குளோசபின் என்ற மருந்து பலருக்கு உதவுகிறது. அதற்கு ரத்தப் பரிசோதனை தொடர்ந்து செய்ய வேண்டும்.

அவன் மறுப்பது பிடிவாதமாகவும் இருக்க வேண்டியதில்லை. இந்த நோய் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்குத் தனக்கு நோய் இருப்பதே தெரிவதில்லை, அதை உணர்கிற திறனையே நோய் பாதித்துவிடுகிறது. சேவியர் அமடோர் என்ற உளவியலாளரின் அண்ணனுக்கும் மனச்சிதைவு இருந்தது. ‘உனக்கு நோய்’ என்று ஒப்புக்கொள்ளவைக்கும் முயற்சியை விட்டுவிடுங்கள், நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு இருவருக்கும் ஒத்துப்போகிற ஒரு விஷயத்திலிருந்து தொடங்குங்கள் என்பது அவர் குடும்பங்களுக்குச் சொல்லித்தருவது. தம்பிக்கு ராத்திரியில் தூக்கமில்லை. ‘தூக்கத்துக்கு ஏதாவது செய்யலாமா, டாக்டரைக் கேட்போமா?’ என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

கடைசியாக அந்த இல்லம். இதில் அண்ணனும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, நடுவில் நீங்கள் மாட்டியிருக்கிறீர்கள். சேர்ப்பதாலேயே கைவிட்டதாக ஆகிவிடாது. சேர்த்துவிட்டு யாரும் எட்டிப்பார்க்காமல் இருந்தால்தான் அது கைவிடுதல். தம்பி தெளிவாகப் பேசுகிற ஒரு நாளில் அவனிடமே கேளுங்கள், இது அவன் வாழ்க்கை. ஒரேயடியாக முடிவெடுக்காமல், பகலில் மட்டும் போய்வருகிற மறுவாழ்வு மையம் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். அது இல்லையென்றால் இல்லத்தில் சில வாரங்கள் மட்டும் தங்கவைத்துப் பார்க்கலாம். அம்மாவுக்கும் சம்மதம் சொல்ல அது சுலபமாக இருக்கும்.

இடம் பார்க்கப் போகும்போது முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். மனநல மருத்துவர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறார், கட்டிப்போடுவது, அறையில் பூட்டுவது உண்டா, குடும்பத்தார் நினைத்த நேரத்தில் வந்து பார்க்கலாமா, தினமும் என்ன வேலை, பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அங்கே தங்கியிருப்பவர்களிடமும் தனியாக இரண்டு வார்த்தை பேசுங்கள். பேச விடவில்லை என்றால் அந்த இடம் வேண்டாம்.